ஈயச் சொம்பு ரசமும் என் எட்டு மாத வயிற்று வலியும்

எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் அஜினமோட்டோ நுழைந்ததே இல்லை. மாம்பழம் வாங்கப் போனால் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததா என்று கடைக்காரரைக் குடைந்து எடுப்பேன். 2018-இல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது ஆறு மாதம் மீன் வாங்கவில்லை. திராட்சையை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைக்காமல் பையன் கையில் கொடுத்ததில்லை. நான்-ஸ்டிக் தவாவையும் அலுமினியச் சட்டிகளையும் ஒரே நாளில் எடைக்குப் போட்டுவிட்டு, இனி இந்த வீட்டில் ரசாயனம் கிடையாது என்று மார்தட்டிக்கொண்டவள் நான். அப்படிப்பட்ட என் உடம்பில்தான் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 68 மைக்ரோகிராம் காரீயம், அதாவது லெட் என்ற விஷ உலோகம், இருந்தது. என் ஆறு வயதுப் பையனுக்கு 31. வெளியிலிருந்து யாரும் கலப்படம் செய்து எங்களுக்கு ஊட்டவில்லை. காசு கொடுத்து வாங்கி வந்து, தினமும் கையால் காய்ச்சி, நானே ஊற்றினேன்.

2023 மே மாதம் ஒரு கோவில் ஊருக்குப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே நாணயமாகப் பாத்திரத் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள். சந்நிதித் தெருவில் வரிசையாகப் பாத்திரக் கடைகள். அந்தச் சமயம் யூடியூப்பைத் திறந்தாலே ஈயச் சொம்பு ரசம்தான். பாட்டி காலத்து மணம், பாட்டி காலத்து ஆரோக்கியம் என்று சொல்லிச் சொல்லி எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு கடையில் வரிசையாக வைத்திருந்தார்கள். "சுத்த ஈயம்மா, கலப்படமே கிடையாது" என்றார் கடைக்காரர். 1,400 ரூபாய் சொன்னதை ஒரு மணி நேரம் நின்று பேசி 1,150-க்கு முடித்தேன். தராசில் 620 கிராம் காட்டியது. பில் கேட்கவில்லை, கேட்டால் வரி சேர்த்துவிடுவார் என்ற புத்திசாலித்தனம். கிளம்பும்போது, "வெறும் சொம்பை அடுப்புல வச்சிடாதீங்க, உருகிப்போயிடும். புளித்தண்ணிய ஊத்திட்டுத்தான் பத்த வைக்கணும்" என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. இவ்வளவு விவரமாகச் சொல்கிறவர் பொய்யா சொல்வார் என்று தோன்றியது. ஈயச் சொம்பை எதில் செய்ய வேண்டுமோ அந்த வெள்ளீயம் (டின்) உருகுவது 232 டிகிரியில். காரீயம் 327-இல். இரண்டையும் கலந்தால் இன்னும் சீக்கிரம், 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். அதாவது அவர் சொன்னது எந்தச் சொம்புக்கும் பொருந்தும். இதெல்லாம் ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பேரம் பேசி ஜெயித்ததாக நினைத்தேனே, அங்கேதான் முதல் தடயம் இருந்தது. அப்போது வெள்ளீயம் கிலோ இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. காரீயம் இருநூறு ரூபாய் சுற்றி. 620 கிராம் சுத்த வெள்ளீயம் என்றால் உலோகத்துக்கே ஆயிரத்து இருநூறுக்கு மேல் ஆகும். அடிப்புக் கூலியும் கடை லாபமும் அதற்கு மேல். 1,150-க்கு ஒருவர் சந்தோஷமாகக் கொடுக்கிறார் என்றால் அவர் என்னிடம் தோற்றுப்போகவில்லை. வாங்குவதற்கு முன் கைபேசியில் அன்றைய வெள்ளீயத்தின் விலையைப் பார்த்து எடையால் பெருக்கிப் பாருங்கள். அதற்குக் குறைவாக யாராவது விற்றால் அந்தக் கடையில் நிற்கவே வேண்டாம். விலை அதிகம் சொன்னால் சுத்தம் என்றும் அர்த்தம் இல்லை. விலை குறைவு என்றால் சுத்தம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ரசம் அருமையாக இருந்தது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். புளியைக் கரைத்து ஊற்றி, இரண்டு தக்காளியை நசுக்கிப் போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்துச் சின்னத் தணலில் இருபது நிமிடம் கொதிக்க விடுவேன். பிறகு பருப்புத் தண்ணீர், மிளகு சீரகப் பொடி, நுரை கட்டியதும் இறக்கி நெய்யில் கடுகு. பையன் டம்ளரில் ஊற்றிக் குடிப்பான். மதியம் மிஞ்சியது சொம்பிலேயே இருக்கும், இரவுக்கு அதையே சுட வைப்பேன். புளிப்பு, உப்பு, சூடு, நேரம் என்று காரீயத்தை உலோகத்திலிருந்து கரைத்து எடுக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் நான் தினமும் இரண்டு வேளை கூட்டி வைத்திருக்கிறேன். பழைய ரோமாபுரியில் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் வற்றக் காய்ச்சி இனிப்புப் பாகு எடுத்தார்கள். புளித்த சாற்றில் காரீயம் கரைந்தால் இனிப்பான உப்பாக மாறும். நாக்குக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. என் ரசத்திலும் கசப்போ வேறு வாடையோ துளியும் தெரியவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் வயிற்று வலி ஆரம்பித்தது. தொப்புளைச் சுற்றி யாரோ துணியைப் பிழிவதுபோல் முறுக்கும். பத்து நிமிடம் முறுக்கிவிட்டு விடும், மறுபடி பிடிக்கும். கூடவே மலச்சிக்கல், ஐந்து நாள் ஆறு நாள் என்று போகும். வாயில் எப்போதும் பழைய சில்லறைக் காசைச் சப்பியது போன்ற ருசி. முட்டியிலும் மணிக்கட்டிலும் குடைச்சல். தீபாவளிக்குள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எங்கள் ஆபீஸில் நான் கணக்கு எழுதுகிறவள், மூன்று இலக்கக் கூட்டலையே இரண்டு முறை சரிபார்க்க வேண்டியதாயிற்று. ராத்திரி தூக்கமில்லை, பகலில் எரிந்து விழுந்தேன். பையனிடம் அவ்வளவு கோபப்பட்டிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

டாக்டர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வயிற்று வலி என்று போனால் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். முதலில் அல்சர் என்று ஆசிட் மாத்திரை. பிறகு எண்டோஸ்கோப்பி, லேசான வீக்கம் என்று வந்தது. அடுத்து ஸ்கேன், கர்ப்பப்பையில் சின்ன நார்க்கட்டி இருக்கிறது, அதனால் இருக்கலாம் என்றார்கள். ஹீமோகுளோபின் 8.4 என்றதும் இரும்புச் சத்து மாத்திரை. அது மலச்சிக்கலை இன்னும் கூட்டியது. சி.டி. ஸ்கேன், கொலோனோஸ்கோப்பி, நடுவில் ஒரு ராத்திரி அவசரப் பிரிவில் சேர்ந்து குடல்வால் என்று சந்தேகப்பட்டு இரண்டு நாள் குளுக்கோஸ். எதிலும் ஒன்றும் இல்லை. கடைசியாகப் போன இடத்தில், "வீட்டில் ஏதாவது மன உளைச்சலா?" என்று கேட்டார்கள். எட்டு மாதத்தில் 1,38,000 ரூபாய் போயிற்று. அதில் இன்ஷூரன்ஸ் கொடுத்தது அந்த இரண்டு நாளுக்கு மட்டும். சம்பளம் இல்லாத விடுப்பு 23 நாள். இரண்டு பவுன் வளையலை அடகு வைத்தேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார்; அவரிடம் கேஸ்ட்ரிக் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். புற்றுநோய்தான், இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு ராத்திரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் அத்தைக்குக் கேட்கக் கூடாது என்று. பிறகு பையனின் பெயரில் இருந்த வைப்பு நிதிப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பிப்ரவரியில் தஞ்சாவூரில் அக்கா வீட்டில் பதினைந்து நாள் இருந்தேன். வலி பாதியாகக் குறைந்தது. திரும்பி வந்து பத்து நாளில் பழையபடி. அக்கா வீட்டில் ஓய்வு கிடைத்தது, அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். வீட்டை விட்டுப் போனால் குறைகிறது, வந்தால் கூடுகிறது என்றால் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தேடியிருக்க வேண்டும். எந்த டாக்டரிடமும் இதை நான் சொல்லவுமில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது தெரிந்தால் அற்பமாகத் தோன்றினாலும் சொல்லிவிடுங்கள்.

2024 ஏப்ரலில், ரத்தசோகைக்காகப் போன இடத்தில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, எல்லா ரிப்போர்ட்டையும் ஓரமாக வைத்துவிட்டு, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனையை மட்டும் திரும்ப எடுக்கச் சொன்னார். முந்நூறு ரூபாய்ச் சோதனை. அதில் சிவப்பணுக்களுக்குள் நீலப் பொடி தூவியது மாதிரிப் புள்ளிகள் இருந்தன. அதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வாயைத் திறங்க" என்று கீழ் உதட்டை இழுத்து டார்ச் அடித்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல் ஒரு கருநீல வரி. பல மாதமாக அதைப் பார்த்திருக்கிறேன், பல் தேய்ப்பது சரியில்லை என்று பேஸ்ட்டை மாற்றியிருக்கிறேன். "பேட்டரி வேலை செய்யறவங்க யாராவது வீட்டில் இருக்காங்களா? நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம் சாப்பிடறீங்களா? பழைய வீடா, பெயின்ட் உரியுதா?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பாத்திரத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும் சோதனை மாஸ்டர் செக்கப்பில் வராது. "பிளட் லெட் லெவல்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கருநீல மூடி போட்ட தனிக் குழாயில் நரம்பிலிருந்து எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள், வர ஐந்து நாள் ஆயிற்று. விரல் நுனியில் குத்தி எடுப்பதை நம்ப வேண்டாம். தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். எனக்கு 68 என்று வந்ததும் டாக்டரம்மா செய்த நல்ல காரியம், வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் எடுக்கச் சொன்னது. பையனுக்கு 31, அத்தைக்கு 6. எவ்வளவுக்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று ஒரு கோடே இதற்குக் கிடையாது. 5-க்கு மேல் போனாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு 3.5 தாண்டினாலே கவனிக்கிறார்கள்.

அந்த வாரம் வீட்டையே தலைகீழாக்கினேன். முதல் சந்தேகம் மஞ்சள் தூள் மேல். பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளபளப்பு வர லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசியதைக் கண்டுபிடித்து, அரசாங்கம் கடுமையாக இறங்கியதில், 2019-இல் சந்தை மஞ்சளில் 47 சதவீதத்தில் இருந்த கலப்படம் 2021-இல் இல்லாமலே போனது என்று படித்திருந்தேன். ஆனால் நான் கிழங்கு வாங்கி மில்லில் அரைப்பவள், அதோடு அதே மஞ்சள்தான் அத்தையும் சாப்பிடுகிறார். குங்குமம், கண்மை, பையனின் பொம்மைகள், மோட்டார் தண்ணீர், எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். அத்தைதான் முடிச்சை அவிழ்த்தார். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "ஏம்புள்ள, நீங்க ரெண்டு பேரும் திங்கிறதுல நான் திங்காதது என்ன இருக்கு? எனக்குப் புளி ஆகாது, ரசம் மட்டுந்தானே?" என்றார். அவருக்கு நெஞ்செரிச்சல் உண்டு, வருடக்கணக்காக மோர்ச் சோறுதான்; கல்யாணம் காட்சி என்றால் ரெண்டு கரண்டி ரசம் ஊற்றிக்கொள்வார். நான் அடுப்பு மேடையைத் திரும்பிப் பார்த்தேன். சொம்பு அங்கேயே உட்கார்ந்திருந்தது, காலையில் வைத்த ரசத்தோடு. ஒரே வீட்டில் ஒருவருக்கு ஒரு அளவு, இன்னொருவருக்கு வேறு அளவு என்று வரும்போது அந்த வித்தியாசத்துக்குள்தான் பதில் இருக்கிறது. ஆகவே ஒருவருக்கு மட்டும் எடுத்துவிட்டு நிற்காதீர்கள்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது நான் வாதாடினேன் என்பதுதான் வேடிக்கை. "அது நல்ல ஈயம் மேடம், வெள்ளீயம். டின்" என்றேன். நம் மொழியில் இந்த ஒரு சொல் பெரிய குழப்பம். பாடப்புத்தகத்தில் ஈயம் என்றால் காரீயம், பேட்டரியிலும் துப்பாக்கிக் குண்டிலும் இருப்பது. சமையலறையில் ஈயம் என்றால் வெள்ளீயம், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது. ஒன்று விஷம். இன்னொன்று, உணவில் கொஞ்சம் கரைந்தாலும் உடம்பு பெரிதாக உறிஞ்சிக்கொள்ளாது. டப்பாவில் அடைத்த பழங்களில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை அனுமதியே இருக்கிறது. கடைக்காரர் "சுத்த ஈயம்" என்று சொன்னது ஒரு விதத்தில் பொய்கூட இல்லை. எந்த ஈயம் என்று நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரி சொம்பைச் சோதித்தேன். வெள்ளைத் தாளில் அதன் அடி விளிம்பை அழுத்தித் தேய்த்தேன். பென்சில் கோடு போலச் சாம்பல் கறுப்பாக விழுந்தது. வெள்ளீயம் அப்படி எழுதாது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட மனம் வரவில்லை. பையனின் அறிவியல் புத்தகமெல்லாம் தேவைப்படவில்லை, கேக் செய்ய வாங்கிய எடைமானி இருந்தது. ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதை எடைமானி மேல் ஏற்றிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். சொம்பின் கழுத்தில் நூல் கட்டி, உள்ளே காற்று நிற்காமல் சாய்த்து முக்கி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டேன். அப்போது எடைமானி காட்டும் கிராம்தான் சொம்பு இடம்பிடித்த தண்ணீரின் அளவு. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்துக்கு 11.3. என் சொம்பு 620 கிராம். சுத்த வெள்ளீயமாக இருந்தால் 85 காட்ட வேண்டும். கை நடுங்காமல் மூன்று முறை பார்த்தேன். 68, 68, 69. வகுத்தால் 9.1. பாதிக்கு மேல் காரீயம் இருந்தால்தான் இந்த எண் வரும்.

மறுநாள் தெரிந்தவர் மூலமாக, தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் கேரட் மீட்டரில் வைத்துப் பார்த்தோம். காரீயம் 54, வெள்ளீயம் 43, மிச்சம் வேறு என்று திரையில் வந்தது. அந்த இயந்திரம் தங்கத்துக்காக அமைத்தது என்பதால் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் காரீயம் இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாத அளவு அது. உறுதியாக, எழுத்தில் வேண்டுமென்றால் என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் எடைமானி வித்தை பெரிய கலப்படத்தைத்தான் பிடிக்கும். ஐந்து சதவீதம் காரீயம் கலந்திருந்தால் 85-க்குப் பதில் 83 அல்லது 84 காட்டும், வீட்டில் அந்த வித்தியாசம் தெரியாது. ஐந்து சதவீதமே புளித்தண்ணீரில் தாராளமாகப் போதும். அதனால் அந்தச் சோதனையில் தோற்ற சொம்பைத் தூக்கி வையுங்கள். ஜெயித்த சொம்பை நம்பிவிடாதீர்கள். பளபளப்பு போய் நீலச் சாம்பலாக மங்குகிறதா, தட்டினால் மந்தமாக ஒலிக்கிறதா என்பதெல்லாம் துணைக்குப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

சிகிச்சையைப் பற்றி. எனக்குக் காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் கேப்ஸ்யூல் கொடுத்தார்கள், 19 நாள். டப்பாவைத் திறந்தாலே அழுகிய முட்டை நாற்றம், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குவேன். பக்கத்து மருந்துக் கடைகளில் கிடைக்கவில்லை, மருத்துவமனையே வரவழைத்தது. வாராவாரம் கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் சோதனை. சொம்பை நிறுத்தியது உறுதியான பிறகுதான் மருந்தை ஆரம்பித்தார்கள். காரீயம் உள்ளே வந்துகொண்டே இருக்கும்போது இந்த மருந்தைச் சாப்பிட்டால் நிலைமை மோசமாகலாம் என்றார் டாக்டரம்மா. மருந்து முடிந்ததும் 24-க்கு இறங்கியது. குதித்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 33. அன்று ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எலும்புக்குள் போய்ப் படிந்த காரீயம் திரும்ப ரத்தத்துக்கு வரும், இது எதிர்பார்ப்பதுதான் என்று அப்புறம் விளக்கினார்கள். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த நாள் அவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது, ஆகவே நான் உங்களுக்குச் சொல்கிறேன். ரத்தத்தில் இருப்பது மாதத்துக்குப் பாதி குறையும். எலும்பில் இருப்பது பல வருடம் கிடக்கும். கொத்தமல்லிச் சாறு குடித்தால் எல்லாம் இறங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் நான்கு பேர் அனுப்பினார்கள். கொத்தமல்லியை ரசத்தில் போடுங்கள், நல்லது. மருந்தாக நினைத்து நாளைக் கடத்தாதீர்கள்.

பையனுக்கு மருந்து கொடுக்கவில்லை. குழந்தைகளுக்குப் பொதுவாக 45-க்கு மேல் போனால்தான் அந்த மருந்து. அவனுக்கு வைத்தியம் என்பது காரீயத்தை நிறுத்துவதும், இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமல் பார்ப்பதும்தான். வயிறு காலியாக இருந்தால், இரும்புச் சத்து குறைந்தால், உடம்பு காரீயத்தை ஆசையாக இழுத்துக்கொள்ளும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகம் உறிஞ்சுவார்கள். கேழ்வரகு, கீரை, முட்டை, பால், நெல்லிக்காய் என்று ஒரு அட்டவணை போட்டு நடத்தினோம். ஒரு வருடத்தில் 31 என்பது 9-க்கு வந்தது. ஆனால் அந்த வருடம் முழுக்க அவன் டீச்சர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது: "முன்ன மாதிரி இல்லை மேடம், ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான்." அதற்காக அவனை நான் அடித்திருக்கிறேன். மூளையில் இது செய்ததில் எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. 2020-இல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கையில், உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் 5-க்கு மேல் காரீயம் இருக்கலாம் என்று இருந்தது. படிக்கும்போது ஆறுதலாகவும் இருந்தது, அந்த ஆறுதல் கேவலமாகவும் இருந்தது.

கடைக்குப் போனேனா என்று கேட்பீர்கள். போனேன். "எங்க கடைதானா? பில் இருக்கா?" என்றார். இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினேன், பொறுமையாகத்தான் கேட்டார்கள், ஆனால் கையில் ஒரு தாளும் இல்லாமல் எந்த வழக்கும் நிற்காது என்பது எனக்கே புரிந்தது. இப்போது யார் சொம்பு வாங்கப் போனாலும் சொல்வது இதுதான்: பில்லில் "சுத்த வெள்ளீயம், காரீயம் கலக்காதது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிக் கடைகளில் பேனாவை எடுக்கவே மாட்டார்கள். எழுதித் தருபவரிடமும் சோதனைச் சீட்டு கேளுங்கள்.

எனக்கு நடந்ததைவிட என்னை ஆட்டிவைத்தது வேறு. 2023 டிசம்பரில், சொம்பு புழக்கத்தில் இருந்தபோதே, என் நாத்தனாருக்கு வளைகாப்பு. எங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். வாய்க்குப் பிடிக்கிறது என்று என் ரசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தாள். காரீயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும் என்று படித்த அன்று அவளுக்கு போன் செய்ய எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. என்னவென்று ஆரம்பிப்பது? அவளுக்கு 7, குழந்தைக்கு 4 என்று வந்தது. "விடுங்க அண்ணி, தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள். இன்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழந்தைக்குப் பார்க்கிறோம், செலவு நான்தான் கொடுக்கிறேன், அதில் மட்டும் அவளை விட்டுக்கொடுக்க வைத்திருக்கிறேன். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், சோதித்த சீட்டு இல்லாமல் ஈயச் சொம்பே வேண்டாம் என்பது என் கருத்து. பாரம்பரியத்தைக் குறை சொல்கிறேன் என்று சிலர் கோபப்பட்டார்கள். பாட்டி காலத்தில் உருக்கி அடித்தவர் யார் என்று பாட்டிக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே.

சொம்பு மட்டும்தானா என்றால் இல்லை. பித்தளைக்கு ஈயம் பூசக் கொடுத்தால், பூசுகிறவர் கையில் இருக்கும் கட்டியை வாங்கித் தாளில் தேய்த்துப் பாருங்கள். வயர் பற்ற வைக்கும் சால்டர் கம்பியை உருக்கிப் பூசுகிறவர்களும் உண்டு. அதில் காரீயம் கலந்திருப்பது சகஜம். மலிவான இண்டாலியம் சட்டிகளும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த வகைப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து காரீயம் உணவில் இறங்குவதாகப் பெயர் சொல்லியே எச்சரித்தது. கண்ட உலோகக் கழிவையும் சேர்த்து உருக்கும்போது காரீயமும் உள்ளே போய்விடுகிறது. புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் எதுவானாலும் எவர்சில்வரிலோ மாக்கல் சட்டியிலோ வையுங்கள். மிச்சத்தை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பெயர் தெரியாத பஸ்பம் கலந்த மருந்து சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சொம்பை எடைக்குப் போடலாம் என்று ஒருநாள் பழைய சாமான்காரரிடம் காட்டினேன். கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "நல்ல கனம்மா, உருக்கறவங்க வாங்கிப்பாங்க" என்றார். உருக்கி என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "வேற சொம்பு அடிப்பாங்க" என்றார் சாதாரணமாக. திரும்ப வாங்கிக்கொண்டேன். அடியில் ஆணியால் நான்கு ஓட்டை போட்டு, இரண்டு பாலித்தீன் பையில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறோம். கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே அத்தை தன் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: "இதில் ரசம் வைக்காதே."